மூன்றாவது ஒட்டு

என் அத்தா அமீனுல்லா கிட்டார் செய்தவர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அவர் செய்த கிட்டார்களைப் பற்றி யார் எங்கே எழுதினாலும், செய்தவர் அமீனுல்லா என்று ஒரு வரி இருக்க வேண்டும். பணம் கேட்கவில்லை, மேடையில் நாற்காலியும் கேட்கவில்லை. அந்த ஒரு வரி அவருக்கு எப்படி மறுக்கப்பட்டது என்பதை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். அவர் மகளான நான் நேரில் பார்த்ததும், அத்தா வாயாலும் சம்பந்தப்பட்டவர்கள் வாயாலும் கேட்டதும் மட்டுமே இதில் உள்ளன.

எழுபதுகளின் நடுவில் கள்ளக்குறிச்சி துருகம் சாலையில் கந்தசாமி என்பவர் ‘கானசாகரம்’ என்ற பெயரில் இசைக்கருவிக் கடை வைத்திருந்தார். ஆர்மோனியமும் தபேலாவும் விற்பார், பழுதும் பார்ப்பார். அந்தக் கடைக்கு அலமாரி அடிக்க வந்த தச்சர்தான் என் அத்தா. அலமாரி முடிந்த பிறகும் கந்தசாமி அவரை அனுப்பவில்லை. கடையின் பின்கட்டில் ஒரு பட்டறை மேசை போட்டுக்கொடுத்து, பெட்டி உடைந்த ஆர்மோனியங்களை அவரிடம் தள்ளிவிட்டார்.

ஒருநாள் மணலூர்பேட்டைத் திருவிழாவில் பாடிவிட்டுத் திரும்பிய இசைக்குழு ஒன்று, பேருந்தின் மேற்கூரையிலிருந்து விழுந்து கழுத்து ஒடிந்த ஒரு கிட்டாரைக் கொண்டுவந்து கொடுத்தது. வெளிநாட்டுக் கிட்டார். அத்தா அதற்கு முன் கிட்டாரைச் சினிமாச் சுவரொட்டியில் மட்டுமே பார்த்திருந்தார். கந்தசாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அமீனு, இத ஒட்டிக் குடுக்கறதுக்கு முன்னாடி முழுசாப் பிரிச்சுப் பாரு. இதே மாதிரி இன்னொண்ணு நம்மளால செய்ய முடியுமான்னு சொல்லு” என்றார்.

அத்தா பிரித்தார். ஒவ்வொரு துண்டையும் தாளில் வைத்து ஓரம் வரைந்துகொண்டார். கிட்டாரின் வட்ட வாய்க்கு நேர் கீழே, முதுகுப் பலகையின் உட்புறத்தில், சாய்சதுரமாக மூன்று சிறு மரச் சில்லுகள் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தன. முதல் இரண்டும் நேராக இருந்தன. மூன்றாவது சற்றே கோணல். அவை எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை. கிட்டாரில் ஒரு துண்டு இருக்கிறதென்றால் சத்தத்துக்காகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தார். மூன்றையும் வரைந்தார், மூன்றாவதன் கோணலையும் சேர்த்து. அவற்றுக்கு அவர் வைத்த பெயர் ஒட்டு.

இசைக்குழு தன் கிட்டாரை வாங்கிக்கொண்டு போய்விட்டது. அத்தா தன்னுடையதைச் செய்தார். முன்பலகைக்குப் பழைய பெட்டிகளில் வந்த வெள்ளை மரம் கிடைத்தது. முதுகுக்கும் பக்கங்களுக்கும் கல்வராயன் மலைப் பலா. மலையில் வெள்ளிமலைக்கு அப்பால் இருந்த மாயவன் என்பவரிடம் மரம் வாங்கினார். முதல் கிட்டார் தொண்டை கட்டியவனைப் போலப் பேசியது. அடுத்ததில் பலகையை இன்னும் மெல்லியதாக இழைத்தார். அதற்கடுத்ததைக் கந்தசாமி சங்கராபுரம் பக்கத்து மாதா கோயில் பாட்டுக்குழுவுக்கு விற்றார். பிறகு பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் அத்தா கிட்டார்தான் செய்தார். தியாகதுருகம், திருக்கோவிலூர், புதுச்சேரி வரை அவை போயின. எல்லாவற்றிலும் மூன்று ஒட்டு இருந்தது, மூன்றாவது கோணலாகவே இருந்தது. ஒட்டுக்குப் பக்கத்தில் ‘கானசாகரம், துருகம் சாலை, கள்ளக்குறிச்சி, உரிமையாளர் கந்தசாமி’ என்று அச்சடித்த சீட்டு. அத்தாவின் பெயர் எதிலும் இல்லை.

எங்கள் தெருவில் இந்தத் தொழிலுக்கு மரியாதை கிடையாது. முடிதிருத்தும் கடையில் அவர் தலை தெரிந்தாலே யாராவது ஆரம்பிப்பார்கள்: “வாங்க பாய். கிட்டாரு செஞ்சவரு கெட்டாரு!” அத்தாவும் சேர்ந்து சிரிப்பார்.

இசைக்குழுக்களுக்குக் கீபோர்டு வந்ததும் கிட்டாருக்கு ஆள் குறைந்தது. கந்தசாமி பின்கட்டை மூடினார். அத்தா கட்டிலுக்கும் கதவுக்கும் திரும்பினார். சில ஆண்டுகள் கழித்து ஒருநாள், வீட்டு வாசலில் உட்கார்ந்து, வெடித்துப்போன ஒரு தொட்டில் பலகையைச் சரிசெய்துகொண்டிருந்தார். பலகை மெல்லியது, ஆணி தாங்காது. வெடிப்பு மேலும் ஓடாமலிருக்க, உட்புறத்தில் அதன் குறுக்கே சிறு சில்லுகளை வைத்து ஒட்டினார். இரண்டாவது சில்லை வைத்தவர் அப்படியே கையை எடுத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்.

“இன்னாத்துக்கு இப்ப தனியாச் சிரிக்கிறீங்க?” என்று என் அம்மா அஸ்ரப் நிஷா கேட்டார்.

“அடியே, அந்தக் கிட்டாருல இருந்தது ஒட்டே இல்லடி. எவனோ வெடிச்ச முதுகுக்குப் போட்ட கட்டு. வெளியில பாலீசு போட்டு மறைச்சிட்டான், எனக்கு வெடிப்புத் தெரியல. நான் நல்லா இருக்கற ஒடம்புக்கெல்லாம் கட்டுப் போட்டு வுட்டிருக்கேன்! அதுவும் அவன் கோணலா ஒட்டினத அதே கோணலா!”

அம்மா சிரித்துச் சிரித்து அடுப்பைக் கவனிக்காமல் விட்டார். எங்கள் வீட்டில் அது பல ஆண்டுகள் ஓடிய வேடிக்கைக் கதை. நாங்கள் எதற்காவது வீணாக மெனக்கெட்டால் அம்மா, “பாருடி, கட்டுப் போடறா” என்பார். அம்மா இறந்த பிறகு அந்தக் கதையை வீட்டில் யாரும் சொல்லவில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன் தனுஷா என்ற சென்னைப் பெண், புதுச்சேரியில் ஒரு பழைய வீட்டுச் சாமான் கடையில் அத்தாவின் கிட்டார் ஒன்றை வாங்கினார். அவர் கிட்டார் வாசிப்பவர், பழைய கருவிகளைப் பற்றி எழுதுபவர். அதை வாசித்துக் காணொளி போட்டார். பலா மரத்தின் சத்தம் பலருக்குப் பிடித்துவிட்டது. வாய்க்குள் தெரிந்த மூன்று சில்லுகளைப் பார்த்து ஆளாளுக்கு ஒரு விளக்கம் எழுதினார்கள். மூன்றாவதன் கோணல்தான் சத்தத்தின் ரகசியம் என்று ஒருவர் எழுத, அந்த விளக்கமே நிலைத்துவிட்டது. கள்ளக்குறிச்சியைச் சுருக்கி ‘கல்லை கிட்டார்’ என்று பெயரும் வைத்தார்கள். பரணிலும் தேவாலயக் கிடங்கிலும் கிடந்தவை வெளியே வந்தன. மூன்று ஒட்டும் கெடாமல் இருந்தால்தான் அசல் என்று சேகரிப்பவர்களுக்குள் ஒரு விதியும் ஏற்பட்டது.

தனுஷா சீட்டில் இருந்த முகவரியைப் பிடித்துக்கொண்டு கள்ளக்குறிச்சி வந்தார். கந்தசாமி எப்போதோ காலமாகிவிட்டார். அந்த இடத்தில் அவர் மகன் பகலவன் ஒலிபெருக்கி வாடகைக் கடை நடத்துகிறார். அத்தா கிட்டார் செய்த காலத்தில் பகலவன் அரைக்கால் சட்டையோடு பின்கட்டில் மரத்தூளில் விளையாடியவர். அவர் தனுஷாவிடம் சொன்னது இது: “எங்கப்பாதாங்க யோசிச்சு யோசிச்சுச் செஞ்சாரு. மலையில மேகம் அருவிக்குப் போய் உக்காந்துக்குவாரு. தண்ணி விழற சாய்வ மனசுல வாங்கினு வந்து, அதே சாய்வுலதான் மூணாவது சில்ல வப்பாரு. ஒட்டுனது பூரா நானு, சின்னப் பையனா இருக்கச் சொல்லோ.”

அந்த அருவிக் கதை தனுஷாவின் புத்தகத்தில் ஓர் அத்தியாயமாகிவிட்டது. அச்சுக்குப் போன பிறகு அவர் மறுபடி ஊருக்கு வந்தபோதுதான் கடைக்கு எதிரே தேநீர் குடித்துக்கொண்டிருந்த யாரோ, “அங்க ஒரு பாய் இல்ல வேல செஞ்சிக்கினு இருந்தாரு?” என்று சொல்லி அவரை எங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அத்தாவுக்கு அப்போது எழுபத்தைந்து வயதுக்கு மேல். தனுஷா மரியாதையாகத்தான் கேட்டார். “ஐயா, நீங்க செஞ்சீங்கன்னு சொல்ல யாராவது இருக்காங்களா?”

“மரம் குடுத்த மாயவன் இருக்கான்மா. அவனக் கேளு.”

தனுஷாவின் காரில் மூவரும் மலை ஏறினோம். மாயவன் தன் வீட்டுக்கு வெளியே கட்டிலில் படுத்திருந்தார். அத்தாவைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார்.

“பாயி! இன்னும் உசுரோடதான் கீறியா?”

“ஒன்னப் பாக்காம எப்படிப் போறது மாயவா?”

தனுஷா கேமராவை வைத்துவிட்டுக் கேட்டார். “நீங்கதான் இவருக்குப் பலா மரம் கொடுத்தீங்களா ஐயா?”

“நான்தாம்மா. காய்க்கிற மரத்தக்கூட வெட்டிக் குடுத்திருக்கேன்.”

“எதுக்குன்னு சொல்லிக் கேட்டாரு?”

“கட்டிலுக்கு. கண்ணாலச் சீருக்குக் கட்டிலு. பாயி கட்டிலு போடறதுல கெட்டிக்காரரு.”

அத்தா தலையைச் சொறிந்தார். “மாயவா, அது கட்டிலு இல்லடா. கிட்டாரு. கிட்டாருன்னு சொன்னா காய்க்கிற மரத்தக் குடுப்பியா? அதான் அப்படிச் சொன்னேன்.”

“இன்னா டாரு?”

அத்தா கையால் வாசித்துக் காட்டினார். மாயவன் முகம் மாறியது.

“இந்த டொய்ங் டொய்ங்குக்கா எங்கப்பன் வச்ச மரத்தச் சாய்ச்ச? எத்தினி வருசம் பழம் தின்னுருப்போம்!” என்றார். பிறகு கேமராவின் பக்கம் திரும்பினார். “எழுதிக்கம்மா. கட்டிலுன்னுதான் குடுத்தேன், கட்டிலுன்னுதான் சொல்லுவேன். இந்த ஆளு கிட்டாரு செஞ்சத நான் கண்டதும் இல்ல, கேட்டதும் இல்ல.”

அத்தா எவ்வளவோ கெஞ்சினார். மாயவன் மீண்டும் படுத்து, சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டார். மலை இறங்கினோம். ஊர் நெருங்கியதும் தனுஷா சொன்னார்: “அடுத்த மாதம் கள்ளக்குறிச்சியிலேயே புத்தக வெளியீடு வைக்கிறேன். ரெண்டு பேரையும் கூப்பிடுறேன். மூணாவது சில்லு ஏன் கோணல்னு ரெண்டு பேர்கிட்டயும் ஒரே கேள்வியைக் கேட்கிறேன். செஞ்சவருக்குத்தானே தெரியும்? உங்க பதில் சரியா இருந்தா அடுத்த பதிப்புல உங்க பேரைப் போடுறேன்.”

அவர் நியாயமாகத்தான் நினைத்தார் என்றே இன்றும் கருதுகிறேன்.

விழாவுக்கு முதல்நாள் அத்தாவிடம் நான் தெளிவாகப் பேசினேன். “அத்தா, அந்தச் சிரிப்புக் கதைய அங்க சொல்லாதீங்க. நல்ல சத்தம் வரணும்னு யோசிச்சு அப்படி வச்சேன்னு மட்டும் சொல்லுங்க.”

“யோசிக்காமத்தானேடி வச்சேன்?”

“அவங்களுக்கு அது தெரிய வேணாம்.”

“ஒரு பொய்யச் சொல்லி மரம் வாங்கினேன். மலையில பாத்த இல்ல, அது எப்ப வந்து நிக்குதுன்னு. இன்னொரு பொய்யா? போடி ஹப்சா. நல்ல கதடி அது. கேட்டா அவங்களும் சிரிப்பாங்க.”

விழா ஒரு திருமண மண்டபத்தில் நடந்தது. பல ஊர்களிலிருந்து சேகரிப்பவர்கள் தங்கள் கிட்டார்களோடு வந்திருந்தார்கள். தனுஷா அவற்றில் ஒன்றை மேடையில் வாசித்து விழாவைத் தொடங்கினார். முதலில் பகலவன் பேசினார். அருவி, சாய்வு, தகப்பனின் தவம். ஒலிபெருக்கி அவருடையது, அதில் எப்படிப் பேச வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். கைத்தட்டல் ஓய்வதற்கு நேரமானது.

பிறகு தனுஷா அத்தாவிடம் ஒலிவாங்கியைக் கொடுத்தார். “ஐயா, மூணாவது சில்லு ஏன் கோணலா இருக்கு?”

“அந்தக் கிட்டாருல அப்படி இருந்திச்சிமா” என்றார் அத்தா. பிறகு, வீட்டில் சொல்வதைப் போலவே உற்சாகமாக, முழுக் கதையையும் சொன்னார். வெடித்த முதுகு, போட்ட கட்டு, தொட்டில் பலகை. “நல்லா இருக்கற ஒடம்புக்கெல்லாம் கட்டுப் போட்டு வுட்டேன்” என்ற இடத்தில் நிறுத்தி, சபையைப் பார்த்துச் சிரித்தார்.

சபையும் சிரித்தது. அவர் எதிர்பார்த்த சிரிப்பு அது இல்லை என்பது அவருக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது.

“அப்ப இது பூரா காப்பியா பெருசு?” என்று ஒரு குரல் கேட்டது.

“கட்டிலு செய்றவர மேடைல ஏத்துனா இப்படித்தான்” என்றது இன்னொரு குரல்.

பகலவன் ஒலிவாங்கியை மென்மையாக வாங்கிக்கொண்டார். “பாய் எங்க கடைல அலமாரி செஞ்சவரு. வயசாயிடுச்சி, ஞாபகம் கொஞ்சம் கம்மி. தப்பா எடுத்துக்காதீங்க.”

அங்கே அமர்ந்திருந்தவர்களை நான் கவனித்தேன். பலருடைய மடியிலும் ஒரு கிட்டார் இருந்தது. அத்தா சொன்னது உண்மையானால், அவர்கள் தேடி அலைந்து வாங்கிய ரகசியம், யாரோ ஒருவர் கோணலாக ஒட்டிய பழுதுவேலை. அது உண்மையாக இருப்பதில் அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் விருப்பமில்லை. தனுஷா தன் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

அத்தா மேடை ஓரத்து மேசைக்குப் போனார். பார்வைக்கு வைத்திருந்த கிட்டார்களில் ஒன்றை எடுத்தார். தொடக்கத்தில் தனுஷா வாசித்த கிட்டார் அது, புதுச்சேரியிலிருந்து வந்த ஒரு சேகரிப்பாளருடையது. தந்திகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். அந்த மனிதர் அத்தா சுதி சேர்க்கிறார் என்று நினைத்துப் புன்னகையோடு பார்த்துக்கொண்டிருந்தார். தந்திகள் தொய்ந்ததும் அத்தா கிட்டாரோடு பக்கத்துக் கதவின் வழியாகச் சமையலறைக்குள் போய்விட்டார். நான் பின்னால் ஓடினேன்.

சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அத்தா காய் நறுக்கும் கத்தி ஒன்றை அடுப்பில் காட்டினார். சமையற்காரர், “பாய், அது வெண்டைக்கா நறுக்கற கத்தி” என்றார். அத்தா காதில் வாங்கவில்லை. கத்தியோடு கையைக் கிட்டாரின் வாய்க்குள் விட்டார். அவர் காலத்துப் பசை சூட்டுக்கு இளகிவிடும். முதல் ஒட்டு கழன்றது. கத்தியை மறுபடி காய்ச்சி இரண்டாவதையும் எடுத்தார்.

மூன்றாவதில் கத்தி வைத்தபோது புதுச்சேரிக்காரர் ஓடிவந்து கிட்டாரைப் பிடித்து இழுத்தார். கத்தி வழுக்கி முதுகுப் பலகையின் உட்புறத்தில் ஒரு கீறல் போட்டது. ஒட்டு ஒரு சிராயோடு பிய்ந்து வந்தது. இழுத்தவர் அவர் என்பதை நான் பார்த்தேன், சமையற்காரரும் பார்த்தார்.

“பாருங்க” என்றார் அத்தா. அதற்குள் தனுஷாவும் பகலவனும் இன்னும் சிலரும் உள்ளே வந்திருந்தார்கள். “ஒட்டு இருந்த எடத்தப் பாருங்க. வெடிப்பு இருக்குதா? இல்ல. வெடிப்பே இல்லாத எடத்துல ஒட்டு எதுக்கு? நான் தெரியாம வச்சேன், அதான். வாசிச்சுப் பாருமா. சத்தம் எங்கயும் போவல.”

தனுஷா கிட்டாரை வாங்கினார். தந்தியை ஏற்றினார். அந்தச் சமையலறையிலேயே நின்று சிறிது வாசித்தார். எல்லோரும் கேட்டார்கள். சமையற்காரர் கரண்டியை நிறுத்திவிட்டு, “முன்ன மேடையில வந்த அதே சத்தம்தாம்மா வருது” என்றார்.

“சத்தம் யாருக்குய்யா வேணும்?” என்று புதுச்சேரிக்காரர் கத்தினார். “மூணு ஒட்டும் அசலா இருந்த கிட்டாருய்யா இது. நாசம் பண்ணிட்டியே!”

அவர் தரையில் மண்டியிட்டு, மூன்று சில்லுகளையும் அந்தச் சிராயையும் பொறுக்கி, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டார். காவல் நிலையத்துக்குப் போகிறேன் என்றார். பகலவன் அவரை அமைதிப்படுத்தி, எங்களை மண்டப மேலாளரின் அறைக்கு அழைத்துப்போனார். வழியில் தனுஷா என் அருகில் வந்து மெதுவாகச் சொன்னார்: “அக்கா, அவர்தான் செஞ்சாருன்னு எனக்குத் தெரியும். இப்ப நல்லாவே தெரியும்.”

“அதை வெளியே சொல்லுங்க” என்றேன்.

“சொன்னா இவங்கள்ல ஒருத்தர்கூட என்னை நம்பி அடுத்த கிட்டாரைக் காட்ட மாட்டாங்க” என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

அறையில் பகலவன் ஒரு வழி சொன்னார். கைதவறிச் சேதம் செய்ததற்கு வருந்துகிறேன், கானசாகரம் கிட்டார்களுக்கும் எனக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை, இனி அவ்வாறு எங்கும் கூற மாட்டேன் என்று அத்தா எழுதிக் கொடுத்தால் விஷயம் அத்தோடு முடிந்துவிடும். புதுச்சேரிக்காரர் ஒப்புக்கொண்டார். நான் மறுத்தேன். கிட்டாரை இழுத்தது யார் என்று கேட்டேன். அத்தா என் கையை அழுத்தினார்.

“வுடுமா. ஸ்டேஷன்ல போய் உக்கார எனக்குத் தெம்பு இல்ல.”

பகலவனே எழுதினார். எழுதி முடித்துத் தாளைத் திருப்பி அத்தாவின் முன் வைத்து, கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினார். அத்தா கண்ணாடியைப் போட்டு முதல் வரியிலிருந்து படித்தார். ஓரிடத்தில் நிறுத்தினார்.

“அமானுல்லான்னு போட்டிருக்க.”

“ஆமா பாய்.”

“என் பேரு அமீனுல்லா.”

“ஒரு எழுத்து மாறினா இன்னா பாய் இப்ப?” என்றார் பகலவன்.

“சரியா எழுது.”

பகலவன் அந்த எழுத்தை அடித்துவிட்டு மேலே சரியாக எழுதினார். அத்தா தாளைக் கிட்டே கொண்டுபோய் மறுபடி படித்தார். கிட்டார் என்ற சொல்லும் அவர் பெயரும் சேர்ந்து வந்த முதல் தாள் அது. அதன் நகல் என்னிடம் இருக்கிறது. சாட்சி என்ற இடத்தில் தனுஷாவின் கையெழுத்து உள்ளது.

“இப்ப சரி” என்று சொல்லிவிட்டு அத்தா பேனாவை வாங்கினார்.